ஹலீமா வைத்த சூகோ

சென்ற மாதம் கண் பரிசோதனைக்காக மெல்பேர்னில் ஃபுட்ஸ்க்ரே பக்கம் போயிருந்தேன். கண்ணுக்குள் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில் உட்கார வைத்தார்கள். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே வெளிச்சமும் புகையுமாகத்தான் தெரியும். பேப்பர் படிக்க முடியாது, போனைப் பார்க்க முடியாது. அப்படியான நேரத்தில்தான் மூக்கு தன் வேலையைத் தொடங்குகிறது. உள்ளே எங்கோ யாரோ மதியச் சாப்பாட்டைச் சூடாக்கினார்கள். வறுத்த நற்சீரகம், ஏலக்காய், தக்காளியோடு நெடுநேரம் அவிந்த ஆட்டிறைச்சி.

வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை தலையில் முக்காடு போட்டிருந்தாள். அது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "சூகோவா?" என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சிரித்தாள். சிரிப்புக்கு என்ன மொழி என்று கேட்கிறீர்களா? இங்கே பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் சிரிக்கிறார்கள். "அன்ரி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ஒரு சிநேகிதி வைப்பாள் என்றேன். எப்போது என்றாள். நீ பிறக்கமுதல், உன் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாள் என்றேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சக் கதையை அவளுக்குச் சொல்ல வாய்க்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நானும் இவரும் மெல்பேர்னுக்கு வந்தோம். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. ரயில் பெட்டி திருத்தும் வேலைத்தளம் ஒன்றில் அவருக்கு வரைபடம் வரையும் வேலை. எனக்கு வேலை இல்லை, ஆங்கிலமும் பாதிதான். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஃபுட்ஸ்க்ரேயில் பழைய மரவீடு ஒன்றின் முன்பக்கத்து இரண்டு அறைகள் எங்களுக்கு, பின்பக்கத்து இரண்டு அறைகள் இன்னொரு குடும்பத்துக்கு. குசினியும் குளியலறையும் பொது. குசினியில் நாலு அடுப்புள்ள காஸ் அடுப்பு. அதில் இரண்டு எரியாது. எரிகிற இரண்டில் ஒன்று எங்களுடையது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். எது என்று சொல்லவில்லை.

பின்பக்கத்தில் இருந்தவர்கள் ஹலீமாவும் அவள் கணவர் யூசுப்பும். சோமாலியர். அந்த நாட்களில் மெல்பேர்னில் அவர்களைத் தவிர வேறொரு சோமாலியரை நான் கண்டதில்லை. யூசுப் முன்பு கப்பலில் வேலை செய்தவர். இங்கே கரையிறங்கி, ஊருக்கு வெளியே இருந்த இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் ஆடு அறுப்பவராக இருந்தார். அரபு நாடுகளுக்கு இறைச்சி அனுப்புவதற்கு முஸ்லிம் ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. நெடிய மனிதர், பேச்சே கிடையாது. ஹலீமாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மெல்லிய உடம்பு, நீளக் கழுத்து, எப்போதும் தோளில் ஒரு மெல்லிய சால்வை. அவர்களுடைய ஒரே மகன் மொகடிஷுவில் அவளுடைய தாயாரிடம் வளர்ந்தான். அவனைக் கூப்பிட விசாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

நானும் அவளும் பேசியது உடைந்த ஆங்கிலமும் கைச்சாடையும். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் விளங்காது, எனக்கும் வெட்கம். அதனால் என் தமிழிலேயே எழுதுகிறேன். என் மனதுக்குள் அவள் எப்போதும் எங்கள் தமிழ்தான் பேசுகிறாள்.

நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை "அபாயோ" என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் சகோதரி என்று அர்த்தமாம். இவருக்கு அது பெரிய பகிடி. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "உம்மடை அக்கா அபாயம் அபாயம் எண்டு கத்துறா, போய் என்னெண்டு பாரும்" என்பார்.

முதல் சண்டை, சண்டை என்று சொல்லக்கூடாது, முதல் பழக்கம் இறைச்சியால் வந்தது. நான் ஊரில் வைக்கிற மாதிரி ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். அம்மா பார்சலில் அனுப்பிய தூள். சுங்கக்காரர் உடைத்துப் பார்த்துவிட்டு, தும்மியபடி திரும்ப ஒட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், அரைவாசிதான் வந்து சேர்ந்தது. கறி கொதிக்கக் கொதிக்க ஒரு மொச்சை மணம், ஆட்டு வாடை, வீட்டை நிறைத்தது. இந்த நாட்டுக் கிழட்டு ஆட்டின் கொழுப்பு அப்படி. ஹலீமா குசினி வாசலில் வந்து நின்று மூக்கைச் சுளிக்காமல், அதுதான் அவளுடைய பண்பு, "இறைச்சியைக் கழுவினனியா?" என்று கேட்டாள்.

"கழுவினனான் அக்கா."

"தண்ணியிலை கழுவினனி. அது காணாது." தன் பக்கத்து அலுமாரியிலிருந்து தேசிக்காயும் உப்பும் எடுத்து வந்தாள். தான் சமைக்க வைத்திருந்த இறைச்சியில் கொழுப்பை எப்படி வெட்டி எடுப்பது, தேசிப்புளியும் உப்பும் போட்டு எப்படித் தேய்ப்பது என்று காட்டினாள். என் கறியை என்ன செய்தோம் என்று நினைவில்லை. அன்று அவளுடைய சட்டியில்தான் சாப்பிட்டோம்.

அவள் வைத்தது சூகோ. இறைச்சியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டுவாள். வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாகும்வரை வதக்கி, உள்ளி தட்டிப் போட்டு, இறைச்சியைப் போட்டுப் பிரட்டி, பிறகு தக்காளி. இதற்கெல்லாம் மேலே அவளுடைய தூள். "ஹவாஷ்" என்பாள். நற்சீரகம், கொத்தமல்லி, மிளகு, கறுவா, ஏலக்காய், கராம்பு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்தது. பார்த்தீர்களா, எங்கள் வீட்டுச் சரக்குத்தான், செத்தல் மிளகாய் மட்டும் இல்லை. உறைப்பு வேறாக, பச்சை மிளகாயும் தேசிப்புளியும் கொத்தமல்லி இலையும் சேர்த்து அரைத்த சம்பலாக ஓரத்தில் இருக்கும். எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை குழம்பைச் சிறு நெருப்பில் விட்டுவிட்டு, பக்கத்து அடுப்பில் ஸ்பகெட்டி அவிப்பாள். இரண்டு அடுப்பும் அவளுக்கே போய்விடும்.

ஸ்பகெட்டி வாங்க அவள் மூலையிலிருந்த இத்தாலியக் கடைக்குப் போவாள். கறுப்புச் சட்டை போட்ட கிழவி ஒருத்திதான் அங்கே கல்லாவில். நாங்கள் முதல்முறை சேர்ந்து போனபோது கிழவி எங்களைக் காணாதவள் போல எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சாமான் கொடுத்தாள். ஹலீமா பொறுமையாக நின்றுவிட்டு, தெளிவான இத்தாலியில் இரண்டு கிலோ ஸ்பகெட்டி கேட்டாள். கிழவியின் கையில் இருந்த ஒலிவ் காய்க் கரண்டி அப்படியே நின்றது. ஹலீமா சின்ன வயதில் மொகடிஷுவில் ஒரு இத்தாலியக் குடும்பத்தின் குசினியில் வேலைக்கு நின்றவள். மொழியும் ஸ்பகெட்டியும் அங்கே பழகியவை. அன்றிலிருந்து கிழவி அவளுக்கு நல்ல தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பாள். திரும்பி வரும் வழியில் ஹலீமா சொன்னாள்: "எங்கடை நாட்டை ஆண்ட காலத்திலை எங்கடை அப்பாவுக்கு இத்தாலிக்காரங்கள் அடிச்சவங்கள். எனக்குத் தக்காளி தாறாங்கள்." அதைக் கசப்பாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சூகோவோடு வாழைப்பழம் உரித்து வைப்பாள். இனிப்புக்காக அல்ல, சோற்றோடு கறி மாதிரி, ஒரு வாய் பாஸ்டா, ஒரு கடி பழம். வெள்ளைக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார்கள். புட்டுக்குள் கதலிப்பழத்தைப் பிசைந்து வளர்ந்த எங்களுக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. இவர் இடியப்பம் போலப் பிசைந்து கையால்தான் சாப்பிட்டார். அதைப் பார்த்த யூசுப் தன் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுத் தானும் கையால் சாப்பிடத் தொடங்கினார். இரண்டு ஆண்களும் அன்று பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அதன்பின் சனிக்கிழமைகளில் சூகோ என்றாகிவிட்டது. நான் கர்ப்பமானபோது மீன் மணம் ஆகவில்லை, அரிசி கொதிக்கிற மணம்கூட ஆகவில்லை. அவளுடைய சட்டி மணம் மட்டும் என்னைப் புரட்டவில்லை. ஒரு பின்னேரம் அவள் என் வயிற்றில் கைவைத்துப் பார்த்து, பெம்பிளைப் பிள்ளை என்றாள்.

பெண் பிள்ளைதான். எட்டாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அசைவு இல்லாமற் போனது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் மருந்து ஏற்றினார்கள். அதற்குமேல் அந்த அறையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளை வெளியே வந்ததும் தாதி அதைத் துணியால் மூடிக்கொண்டு என் தலைமாட்டுப் பக்கமாக வெளியே போய்விட்டாள். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம், பார்க்காவிட்டால் மறந்துவிடும் என்று நினைத்தார்கள். டொக்டர் என் தோளில் தட்டி, சின்ன வயதுதானே, வீட்டுக்குப் போய் இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். இவரிடம் ஏதோ கையெழுத்து வாங்கிக்கொண்டு, மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்களாம். இவர் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பால் வந்தது. அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. ஹலீமாதான் பருத்தித் துணியை அகலமாகக் கிழித்து நெஞ்சை இறுக்கிக் கட்டிவிட்டாள். நான் சாப்பிடவில்லை, பேசவில்லை. இவர் வேலையால் வந்து கட்டில் விளிம்பில் இருந்து, "கொஞ்சம் சாப்பிடுமன்" என்பார். பிறகு எழுந்துபோய் முன் படியில் இருப்பார். ஊருக்கு என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

வந்த சனிக்கிழமை ஹலீமா ஒரு தட்டோடு என் அறைக்குள் வந்தாள். ஸ்பகெட்டியைக் குழந்தைக்குக் கொடுப்பதுபோலச் சின்னதாக நறுக்கியிருந்தாள். ஒரு வாய் ஊட்டினாள். விழுங்கினேன். இன்னொரு வாய். பிறகு அவள் கேட்டாள்:

"பிள்ளை எங்கை?"

விளங்காமல் பார்த்தேன்.

"எங்கை மண்ணுக்கை தாட்டவை?"

"தெரியாது அக்கா. ஆஸ்பத்திரி பாத்துக்கொள்ளுமாம்."

தட்டை நிலத்தில் வைத்தாள். "எனக்கும் ஒண்டு போனது. மகனுக்கு முன்னம். மொகடிஷுவிலை, கடலுக்குப் பக்கத்திலை மண். கண்ணை மூடிக்கொண்டு போய் அந்த இடத்திலை நிப்பன். உனக்குத் தெரியாதெண்டால் நீ எங்கை போய் நிப்பாய்?"

அவள் அழுதபடி கேட்கவில்லை. அரிசி எங்கே வாங்கினாய் என்று கேட்கிற குரல். எனக்கு அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்தது.

திங்கட்கிழமை அவளும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு நடக்கவே முடியவில்லை. அவள் சால்வையை எனக்குப் போர்த்தி, கையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விசாரணை மேசையில் இருந்த பெண் எங்களை அன்பாகத்தான் பார்த்தாள். அந்த விவரம் தங்களிடம் இல்லை, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றாள். ஹலீமா மறுபடி கேட்டாள். அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது ஒரு ஆண் வந்து எங்களை வாசல் பக்கமாகக் கூட்டிப்போனார். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வாசலுக்கு வரும் நீள நடையில் இரண்டு பெண்கள் நிலம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்குள் இத்தாலியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஹலீமா நின்றாள். என்னைச் சுவரோடு சாத்திவிட்டு, அவர்களிடம் போய்ப் பேசினாள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. அவர்களில் வயதான பெண்ணின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது. அவள் துடைப்பத் தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஈரக் கைகள், சோப்பு மணம். ஹலீமாவைப் பார்த்து நெடுநேரம் சொன்னாள்.

வெளியே வந்து ஹலீமா சொன்னாள். சிறு பெட்டிகளை எடுக்கப் பின் வாசலுக்கு ஒரு வான் வரும். நகரத்துக்கு வடக்கே இருக்கும் பெரிய மயானத்துக்குப் போகும். அங்கே வேலியோரமாக, பைன் மரங்கள் இருக்கும் மூலையில், பல பிள்ளைகளை ஒன்றாக வைப்பார்கள். கல் கிடையாது. வான் போகும்போதெல்லாம் தான் பின் வாசலில் நின்று சிலுவை போடுவதாக அந்தப் பெண் சொன்னாளாம். போன கிழமையும் போட்டாளாம்.

"ஒரு ஆள் பாத்து நிண்டிருக்கு" என்றாள் ஹலீமா. "தனியாப் போகேல்லை."

அடுத்த சனிக்கிழமை யூசுப் தன்னோடு வேலை செய்யும் ஒருவருடைய வாகனத்தை இரவல் வாங்கி வந்தார். இவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததைச் சொன்னபோது, "இதையெல்லாம் ஏன் கிண்டுறீர்?" என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சீப்பால் தலை இழுத்து, வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

மயானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதர் மெஷினை நிறுத்திவிட்டு எங்களோடு நடந்து வந்தார். மண் புதிதாகக் கிடந்த ஒரு இடத்தைக் காட்டினார். இதற்குள்தான், எந்த இடம் என்று சரியாகச் சொல்ல முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தள்ளிப் போய் நின்றார்.

ஹலீமா குந்தி இருந்து, கொண்டுவந்த போத்தல் தண்ணீரை மண்ணில் மெல்ல ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பேர் என்ன?"

நாங்கள் பெயர் வைக்கவில்லை. பிறந்த பிறகு நாள் பார்த்து ஊரிலிருந்து எழுத்து வரும், அதன்படி வைக்கலாம் என்று இருந்தோம். நான் இல்லை என்று தலையாட்டத் தொடங்கினேன். எனக்குப் பின்னாலிருந்து இவருடைய குரல் கேட்டது.

"வாசுகி."

திரும்பிப் பார்த்தேன். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு காலமாக அந்தப் பெயரை மனதுக்குள் வைத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. நாள் எழுத்துப் பார்க்கிற மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஹலீமா அந்தப் பெயரை இரண்டு முறை தன் வாயால் சொல்லிப் பார்த்தாள். யூசுப் கைகளை ஏந்தி ஏதோ ஓதினார். நான் தேவாரம் ஒன்று தொடங்கினேன், இரண்டாம் அடி வரவில்லை. நெஞ்சுத் துணி நனைந்து சேலை வரை வந்துவிட்டது. ஹலீமா கண்டு, சால்வையை இழுத்து மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் சூகோ வைத்தாள். நான் வெங்காயம் வெட்டினேன். நால்வரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். இவர் தன் தட்டைக் குனிந்து பார்த்தபடி, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். யூசுப் ஒரு பழத்தை உரித்து அவர் தட்டில் வைத்தார்.

அவர்கள் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம்போல இருந்தார்கள். மகனுக்கு விசா மறுத்துவிட்டார்கள். மறுபடி போட்டார்கள். இதற்கிடையில் மொகடிஷுவில் ஹலீமாவின் தாயார் படுக்கையில் விழுந்தார். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. "மகன் இஞ்சை வரேலாதெண்டால் நான் அங்கை போறன், வேறை என்ன?" என்றாள். அந்த நேரம் நான் மறுபடி கர்ப்பமாக இருந்தேன். புறப்படுகிற அன்று காலையில் கூட எனக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். வாசலில் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "இது நிண்டு பிறக்கும், பயப்படாதை அபாயோ" என்றாள். என் மகன் நன்றாகப் பிறந்தான். அவனுக்குப் பின் ஒரு பெண்ணும்.

அவளுக்கு எழுத வராது. மொகடிஷுவிலிருந்து யூசுப் இரண்டு தடவை தபாலட்டை போட்டார். பிறகு அங்கே சண்டை, பிறகு எங்கள் ஊரில் சண்டை, பிறகு அங்கே இன்னும் பெரிய சண்டை. தொண்ணூறுகளில் சோமாலியர்கள் அகதிகளாக ஃபுட்ஸ்க்ரேக்கு வரத் தொடங்கியபோது, ரயிலிலும் சந்தையிலும் அந்த வயதுப் பெண்களைக் கண்டால் போய்க் கேட்பேன். மொகடிஷு, ஹலீமா, கணவர் யூசுப், கப்பலில் இருந்தவர். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எத்தனை ஹலீமா, எத்தனை யூசுப் என்று கையை விரிப்பார்கள். ஒருத்தி மட்டும், உங்களுக்காக துஆ கேட்கிறேன் என்றாள். சில வருடங்களில் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

அந்த மரவீட்டை இடித்து ஐந்து மாடி கட்டியிருக்கிறார்கள். இத்தாலியக் கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். ஆஸ்பத்திரியின் அந்த நீள நடை இருந்த பகுதியையும் உடைத்துவிட்டார்கள். மயானத்தில் பைன் மரங்களை வெட்டிவிட்டு நல்ல புல் போட்டிருக்கிறார்கள். வேலியும் தள்ளிப் போய்விட்டது. நான் குத்துமதிப்பாக ஓரிடத்தில் நின்றுவிட்டு வருவேன்.

இவரும் நானும் அந்தப் பெயரைப் பிறகு ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள், காலைத் தேத்தண்ணியோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமலே, "இண்டைக்குச் சூகோ வைப்பமே?" என்று கேட்பார். ஓம் என்பேன். அப்பாவுக்குப் பாஸ்டா ஆசை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். மேசையில் அவர்கள் பள்ளிக்கூடக் கதை பேசுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் மெதுவாகச் சாப்பிடுவோம். வேறொன்றும் நடக்காது.

அவர் போய் நாலு வருடமாகிறது. அந்த நாள் இப்போதும் வருகிறது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு மேசைக்கு வந்து இருக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை.